கிளட்ச்சின் வெள்ளை அணுக்கள்

மார்ச் 4, செவ்வாய்

லேபில், மூலக்கூறுகளை எடை போட்டுக் காட்டும் மாஸ் ஸ்பெக் கருவியின் வாக்குவம் பம்ப் மறுபடியும் உறுமத் தொடங்கிவிட்டது. சர்வீஸ்காரர் வந்து அதன் முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “இன்னும் கொஞ்ச நாள் ஓடும் மேடம்” என்றார். போன தடவையும் இதையேதான் சொன்னார். அவர் வார்த்தைக்கு மரியாதை கொடுத்து அதுவும் ஓடிக்கொண்டிருக்கிறது.

வேலை முடிந்து அப்படியே எதிர்க் கட்டடத்துக்கு, வார்டுக்கு. கிளட்ச்சுக்குக் காய்ச்சல் இறங்கியிருக்கிறது. கழுத்தில் நெறிகட்டியது மட்டும் அப்படியே இருக்கிறது. தொட்டால் கோலிக்குண்டு மாதிரி நழுவுகிறது. நிமோனியாவுக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரு மாதம் விட்டால் அடுத்த மாதம் வாசலில் வந்து நிற்கிறது.

கிளட்ச் என் நாத்தனார். இவருடைய ஒரே தங்கை. டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாள். எனக்கும் அவள்தான் வாத்தியார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து “கிளட்ச், அண்ணி, கிளட்ச்” என்று அவள் கத்திய கத்தலில் அந்தப் பெயர் அவள் மேலேயே ஒட்டிக்கொண்டது.

“அண்ணி, இங்க சாப்பாட்டுல உப்பே போட மாட்டாங்களா, இல்ல என் நாக்கு செத்துப்போச்சா?”

ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன். உப்பு இல்லைதான். “நாக்கு நல்லாத்தான் இருக்கு.”

“அப்பாடா. ஒரு பார்ட்டாவது வேலை செய்யுது.”

மார்ச் 7, வெள்ளி

ரத்தநோய் டாக்டர் இன்று லேபுக்கே வந்துவிட்டார். வார்டு டாக்டர்கள் யாராவது எங்கள் வாசலில் நின்றால் வழி தெரியாமல் வந்தவர்கள் என்றுதான் நினைப்போம். அவர் உட்காரக்கூட இல்லை. கிளட்ச்சின் மரபணுச் சோதனை வந்துவிட்டதாம். வெள்ளை அணுக்களுக்குள் இருக்கும் ஒரு என்சைம். அதற்கான மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது.

“அதுதான் காரணமா டாக்டர்?”

“இருக்கலாம். ஒரு காரணமும் இல்லாம சும்மா மாறியிருக்கவும் செய்யலாம். இதே மாற்றத்தை இதுக்கு முன்னாடி யாரும் பாத்த மாதிரி தெரியலை.”

அந்த என்சைமை எனக்கு நன்றாகத் தெரியும். அணுவின் உள்சுவரில் இருக்கும் ஒரு கொழுப்பில் கூடுதலாக ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடுவதுதான் அதன் வேலை. ஒட்டியதும் அந்தக் கொழுப்பு, ‘எழுந்திரு, ஆபத்து’ என்று அணுவுக்குச் சொல்லும். சொல்லி முடித்ததும் மறைந்துவிட வேண்டும். என்சைம் அடங்காமல் ஓடினால் கொழுப்பு மறையாது. அணு ஓயாமல் விழித்தே கிடந்து, உண்மையில் கிருமி வரும்போது களைத்துப் படுத்துவிடும். அப்படித்தான் என்றால் என்சைமை அடக்க மருந்து இருக்கிறது. மருந்துக் கம்பெனி சும்மாவே தரும். ஆனால் கொழுப்பு அதிகமாக இருக்கிறது என்று அளந்து காட்ட வேண்டும்.

“அளக்கத் தெரிஞ்சவங்க இங்க நீங்க ஒருத்தர்தான்” என்றார் டாக்டர்.

இத்தனை வருஷமாக அந்தக் கொழுப்பைத்தான் துரத்திக்கொண்டிருக்கிறேன். எலி அணுக்களில், பெயர் தெரியாதவர்கள் கொடுத்த ரத்தத்தில். ஒரு தடவைகூட அது யாருக்காவது வேண்டியிருந்ததில்லை.

எங்கள் லேப் ஹெட் அதிகம் பேசாதவர். “சொந்தக்காரங்களோடது. உங்களால முடியுமா?” என்று மட்டும் கேட்டார். முடியும் என்றேன். வேறு என்ன சொல்வது?

மார்ச் 12, புதன்

தட்டை. திரையில் கிளட்ச்சின் கோடு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை படுத்தே கிடக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ரத்தம் ஒன்று வேண்டுமே என்று என் கையிலும் எடுத்துக்கொண்டேன். என்னுடையதும் தட்டை.

இத்தனைக்கும் சாதாரணக் கொழுப்பெல்லாம் மலை மலையாகத் தெரிகிறது. அந்தக் கூட்டத்தில் இது ஒன்றைத் தேடுவது திருவிழாக் கூட்டத்தில் மூக்குத்தித் திருகைத் தேடுகிற கதை.

வார்டிலிருந்து லேபுக்கு வருவதற்குள் அழிந்துவிடுகிறது. வேறு காரணம் இல்லை. லிப்டுக்காக நின்ற நேரத்தில் குழாய்க்குள் அது கரைந்துகொண்டிருந்திருக்கிறது. நான் மாடி எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

மார்ச் 14, வெள்ளி

மறுபடியும் தட்டை. படி இறங்கி ஓடியும் பார்த்தாயிற்று.

மார்ச் 20, வியாழன்

லேபையே வார்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சின்ன சென்ட்ரிஃபியூஜ் ஒரு டிராலியில். ஐஸ் பெட்டிக்குள் ஆசிட். அணுக்களைப் பிரித்தெடுத்த கையோடு குளிர்ந்த ஆசிடை ஊற்றிவிட்டால் எல்லாம் அந்த நிமிஷத்தோடு உறைந்து நிற்கும், எதுவும் அழியாது.

கிளட்ச் ஐஸ் பெட்டியைப் பார்த்துவிட்டு, “எனக்கு வெனிலா” என்றாள்.

நரம்பு கிடைக்கவில்லை. ஊசி போடும் நர்ஸ் பொண்ணு பயந்துபோய்விட்டது. கிளட்ச்தான் தைரியம் சொன்னாள். “அவசரப்படாதீங்க. ரோடு காலியாத்தான் இருக்கு. மெதுவா... இன்னும் கொஞ்சம் இடது... அவ்வளவுதான், இப்ப விடுங்க.” ரத்தம் வந்தது. நர்ஸ் பொண்ணு சிரித்தது. எனக்குத்தான் சிரிக்க வரவில்லை. அவளுக்கு ஏற்கெனவே ரத்தம் குறைவு. டாக்டர் அனுமதித்ததே கொஞ்சம்.

“இதுல என்ன தேடுறீங்க அண்ணி?”

“ஒரு கொழுப்பு. அது உனக்கு ஜாஸ்தியான்னு.”

“அதுக்கு எதுக்கு மெஷின்? எங்க அப்பாவைக் கேட்டிருந்தா சின்ன வயசுலயே சொல்லியிருப்பாரே.”

மார்ச் 21, வெள்ளி

தெரிந்துவிட்டது.

என்னுடையது ஒரு சின்ன மேடு. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தால் இருக்கிறது. அவளுடையது அதைப்போலப் பல மடங்கு. திரையின் பாதி உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. நான் எழுந்து நடைபாதைக்குப் போய், திரும்பி வந்து மறுபடி பார்த்தேன். இருந்தது.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். யாரிடமும் இப்போது சொல்ல வேண்டாம், இன்னும் சரிபார்க்க வேண்டும் என்றும் சொன்னேன். சொன்னேனா? சொன்னேன். ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

மார்ச் 22, சனி

இவர் தன் மூக்குக்கண்ணாடிக் கடையைத் திறப்பதற்கு முன்னால் வார்டுக்குப் போய்த் தங்கையிடம் சொல்லிவிட்டார். நான் போனபோது அவள் டிரைவிங் ஸ்கூலுக்கு போன் போட்டுக்கொண்டிருந்தாள். தன் மாணவர்களை வேறு யாருக்கும் மாற்றிவிட வேண்டாமாம். கொஞ்ச நாளில் வந்துவிடுவாளாம்.

“அண்ணி, கொழுப்பு ஜாஸ்தின்னு கேட்டு சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நானாத்தான் இருப்பேன்.”

கையைப் பிடித்துக்கொண்டாள். கை சுட்டது. மறுபடியும் காய்ச்சல்.

ஏப்ரல் 3, வியாழன்

கம்பெனிக்கு அனுப்பும் முன் ஹெட் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தார். ஒவ்வொரு குழாயும் எந்த வரிசையில் கருவிக்குள் போனது என்பதை விரலால் தொட்டுக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

“ஸ்டாண்டர்டுக்கு அப்புறம் நேரா இவங்களோடதா?”

ஆமாம் என்றேன்.

“நடுவுல பிளாங்க்?”

இல்லை. போடவில்லை.

ஸ்டாண்டர்டு என்பது கடையில் வாங்கிய அதே கொழுப்பு, கருவி சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பதற்கு. அடர்த்தியாக இருக்கும். இரும்பைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். அது போன பிறகு வெறும் கரைசலை விட்டுக் கருவியின் ஊசியைக் கழுவ வேண்டும், அதுதான் பிளாங்க். புதிதாகச் சேர்கிற எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொடுப்பது நான்தான். அன்றைக்கு அவளுடைய அணுக்களிலிருந்து எடுத்த சாறு கொஞ்சமாக இருந்தது, காத்திருந்தால் கெட்டுவிடும் என்ற பயம். அவசரம்.

ஹெட்டும் நானும் ஸ்டாண்டர்டை விட்டோம், அதன் பின்னாலேயே ஒன்றுமில்லாத கரைசலை விட்டோம். ஒன்றுமில்லாத கரைசலில் மேடு எழுந்தது. திரையின் பாதி உயரம்.

அது அவளே இல்லை. ஊசியில் ஒட்டியிருந்த மிச்சம். கடைச் சரக்கு.

மறுபடி அளக்க அவளுடைய சாறும் போதாது.

ஏப்ரல் 4, வெள்ளி

வார்டுக்குப் போனேன். சொல்லவில்லை. அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.

ஏப்ரல் 5, சனி

சொல்லிவிட்டேன். முதலில் இவரிடம். இவருக்குப் புரியவில்லை, அல்லது புரிய வேண்டாம் என்று இருந்தார். “அப்ப ஜாஸ்தி இல்லையா?” “தெரியலைங்க. ஜாஸ்தியா இல்லையான்னே தெரியலை.” “தெரியாமத்தான் அன்னிக்கு அவ்வளவு சந்தோஷமா வந்து சொன்னியா?”

பிறகு அவளிடம். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் வைத்திருந்தார்கள். கேட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள்.

“மறுபடி ரத்தம் வேணும், அவ்வளவுதானே? எடுத்துக்கோங்க. லைசன்ஸ் டெஸ்ட்ல மொத தடவையே பாஸாகிறவங்க யாரு அண்ணி? நீங்க எத்தனை தடவை போனீங்க?”

எத்தனை என்று அவளுக்குத் தெரியும். இவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஏப்ரல் 16, புதன்

ரத்தம் எடுக்க டாக்டர் இன்றுதான் ஒத்துக்கொண்டார். இதுதான் கடைசி என்றும் சொல்லிவிட்டார்.

இந்தத் தடவை ஹெட் தானே வந்து நின்றார். அவளுடையது, என்னுடையது, லேபில் இன்னும் இரண்டு பேருடையது. குழாய்களில் பெயர் இல்லை, எண் மட்டும். எது யாருடையது என்பது ஹெட்டுக்கு மட்டும் தெரியும். கருவிக்குள் இருக்கும் இரும்புக் குழாயை மாற்றிப் புதிதாகப் பொருத்தினேன். ஒவ்வொன்றுக்கும் நடுவில் பிளாங்க், ஒன்றுக்கு இரண்டாக.

கொழுப்பைக் கருவிக்குள் பறக்க வைக்க மஞ்சளாக ஒரு ரீஏஜென்ட் சேர்க்க வேண்டும். மூச்சில் பட்டால் ஆளையே முடித்துவிடும். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கையை மட்டும் நீட்டி, சொட்டுச் சொட்டாக விட்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

இவ்வளவு சுத்தமான அளவை என் வாழ்நாளில் எடுத்ததில்லை. பிளாங்கெல்லாம் தட்டை. நான்கு குழாயிலும் நான்கு மேடுகள், சின்னதாக, தெளிவாக, சந்தேகமில்லாமல்.

நான்கும் ஒரே அளவு.

கிருமி வந்ததுபோல் ஏமாற்றி அணுக்களைத் தட்டி எழுப்பிய பிறகு எடுத்ததிலும் அப்படியே. எது கிளட்ச் என்று கண்டுபிடித்துவிடலாம் என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். இரண்டாவது கொஞ்சம் உயரமோ? அதுதான் அவளாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். வேண்டிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஹெட் எண்களைப் பிரித்தார். இரண்டாவது நான்.

“சாரி” என்றார் ஹெட். அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அளக்க முடியவில்லையே, முடியவில்லையே என்று இத்தனை நாள் தவித்தேன். அளந்துவிட்டேன். இப்போ என்ன பண்றது? இதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?

ஏப்ரல் 18, வெள்ளி

இவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “மொதல்ல வந்ததும் அதே மெஷின்தானே சொன்னது? அதை அனுப்பு” என்றார்.

“அது அவளோடது இல்லைங்க. ஊசியில ஒட்டியிருந்தது.”

“உனக்கு மட்டும்தானே தெரியும்?”

“ஹெட்டுக்கும் தெரியும்.”

ஏன் அப்படிச் சொன்னேன்? ஹெட்டுக்குத் தெரியாமல் இருந்திருந்தால் அனுப்பியிருப்பேனா? அந்தக் கேள்வி இவர் முகத்திலும் வந்தது. கேட்கவில்லை.

அந்த மருந்து என்சைமை அடக்கும். நன்றாக இருக்கிற என்சைமை அடக்கினால் அவளுக்கு மிச்சமிருக்கிற கொஞ்ச எதிர்ப்புச் சக்தியும் போய்விடும். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். “மருந்துன்னு ஒண்ணு கையில இருக்கும்ல” என்றார். “ஒண்ணுமே இல்லாம அவ முன்னாடி எப்படிப் போய் உக்காருவேன்?”

நானும்தான் ஒன்றுமில்லாமல் போக வேண்டும்.

ஏப்ரல் 21, திங்கள்

டாக்டரும் நானும் சேர்ந்து போய்ச் சொன்னோம். “இது இல்லைன்னு தெரிஞ்சதும் ஒரு வழியில நல்லதுதான். வேற காரணத்தைத் தேடலாம்” என்றார் டாக்டர். நல்ல மனிதர். அவர் போன பிறகு கிளட்ச் என்னைப் பார்த்தாள்.

“அப்ப நான் நார்மல்.”

“அந்த ஒரு விஷயத்துல.”

“எனக்குக் கொழுப்பு ஜாஸ்தி இல்லைன்னு சொன்ன மொத ஆள் நீங்கதான் அண்ணி. எழுதிக் குடுங்க, வீட்ல மாட்டி வைக்கிறேன்.”

சிரித்தாள், இருமினாள், இருமல் நிற்கவில்லை. முதுகைத் தடவினேன். எலும்பெல்லாம் கையில் தட்டுப்பட்டது. இருமல் நின்றதும், டிரைவிங் ஸ்கூலுக்கு நான் போன் பண்ணிச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். அவள் மாணவர்களை வேறு யாருக்காவது மாற்றிவிடலாமாம்.

ஏப்ரல் 29, செவ்வாய்

இவர் பேசுவதில்லை. சண்டை என்று எதுவும் இல்லை. சாவி எங்கே, பால் தீர்ந்துவிட்டது, கடைக்குப் போகிறேன். அவ்வளவுதான்.

மே 6, செவ்வாய்

கழுத்தில் இருக்கும் கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதைப் பார்ப்பது வேறு லேப். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

லேபில் எலி அணுக்களுக்குத் திரும்பிவிட்டேன். புது முறையில் எல்லாம் அழகாகத் தெரிகிறது.

மே 19, திங்கள்

நெறிகட்டி இல்லை, புற்று. நிணநீர் முடிச்சுகளிலேயே ஆரம்பித்து வயிறுவரை பரவியிருக்கிறது. டாக்டர் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். நாங்கள் கொழுப்பைத் தேடிக்கொண்டிருந்தபோதே அது உள்ளே இருந்திருக்க வேண்டும்.

“முன்னாடியே தெரிஞ்சிருந்தா?” என்று இவர் கேட்டார்.

டாக்டர் ஃபைலை மூடி வைத்தார். “இந்த எதிர்ப்புச் சக்தியோட அந்த சிகிச்சையை அவங்க உடம்பு அப்பவும் தாங்கியிருக்காது. இப்ப நிச்சயமா தாங்காது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.”

அந்த மருந்தைக் கொடுத்திருந்தால் இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும் என்றும் சொன்னார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆறுதலாக இருக்க வேண்டிய வார்த்தை. இல்லை.

ஜூன் 1, ஞாயிறு

முன்னறையில் ஜன்னலை ஒட்டிக் கட்டில் போட்டிருக்கிறோம். தெரு தெரியும். போகிற வருகிற வண்டிகளுக்கெல்லாம் மார்க் போடுகிறாள். “இவனுக்கு யாரு லைசன்ஸ் குடுத்தது? கண்ணாடியைப் பாக்கவே மாட்டேங்கிறான்.” குரல் வெளியே வருவதில்லை, வாயசைவில்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

மத்தியானம் முகம் துடைத்துவிடக் கிண்ணமும் துணியுமாகப் போனேன். கையை நீட்டி, முழங்கைக்கு மேல் சட்டையைத் தள்ளினாள். ரத்தம் எடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

“வேண்டாம்மா. ரத்தம் வேண்டாம்.”

“இனிமே வேண்டாமா?”

“வேண்டாம்.”

“அப்ப சும்மா உக்காருங்க அண்ணி. நீங்க சும்மா உக்காந்து நான் பாத்ததே இல்ல.”

உட்கார்ந்தேன். அவள் தூங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை.

ஜூன் 14, சனி

காலையில் போய்விட்டாள். இவர் பக்கத்தில் இருந்தார். நான் மாத்திரையைப் பொடித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 30, திங்கள்

கட்டிலைத் திருப்பிக் கொடுத்தோம். தரையில் அதன் கால் பட்ட நான்கு அடையாளங்கள். துடைத்தால் போகவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் இவர் கடைக்குப் போகவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “உன் லேபை நான் பாத்ததே இல்லையே” என்றார்.

போனோம். லீவு நாள், யாரும் இல்லை. உள்ளே வரும்போது செருப்பைக் கழற்றப் போனார், வேண்டாம் என்றேன். கருவியைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். “பெருசா இருக்கும்னு நெனச்சேன்” என்றார்.

பிறகு கேட்டார். “அவளோடதை அழிச்சுட்டியா?”

“இல்லைங்க. இருக்கு.”

கடைசியாக எடுத்த அளவைத் திறந்தேன். திரையில் கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன.

“இதுல அவ எது?”

காட்டினேன்.

“மேல இருக்கறது?”

“நான்.”

கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டார். கடைக்கு வருகிறவர்கள் யாராவது அப்படித் துடைத்தால் திட்டுகிறவர். திரையைத் தொடாமல், விரலைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு, அவளுடைய மேட்டின் மேல் மெதுவாக ஏறி இறங்கினார். பிறகு என்னுடையதன் மேல். மறுபடி அவளுடையதன் மேல்.

“ரெண்டும் ஒரே உயரம்தான்.”

“ஆமாங்க.”

“நீ சொன்ன மாதிரிதான் இருக்கு.”

திரையை மூடக் கை கொண்டுபோனேன். இவர் ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“மூடாதே” என்றார். “இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்.”